கியர் மாறத் தடுமாறும் பழைய டிரக்

தானியங்கிக் கியர் பெட்டி பழுதாகிவிட்டது என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அவர் உண்மையில் கண்டது பெட்டியின் பழுதையன்று. கியர் மாறவேண்டிய வேளையில் மாறாமல் எஞ்சின் வீணே இரைவதையோ, மாறும்போது வண்டி முழுவதும் உதறுவதையோ, ரிவர்ஸில் போட்டு வெகு நேரம் கழிந்த பின்பே வண்டி அசைவதையோதான் அவர் கண்டிருக்கிறார். இவை யாவும் லக்ஷணங்கள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் சில டாலரில் தீர்ந்துபோகும் காரணமும் உண்டு. ஆயிரக்கணக்கான டாலரை விழுங்கும் காரணமும் உண்டு. பழைய டிரக் வைத்திருப்பவர்களில் அநேகர் முதல் வகைக் காரணத்தைத் தேடிப் பார்க்காமலே இரண்டாம் வகைச் செலவுக்கு உடன்பட்டுவிடுகிறார்கள் என்பதே இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது. பெட்டியைத் திறப்பது கடைசி வேலை. அதற்கு முன்பு பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டே பரிசோதிக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஷெவர்லே, ஜி.எம்.சி. என்ற பெயர்களில் விற்ற பிக்கப் டிரக்குகள். 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்ற பெயரோடு தானியங்கிக் கியரை முதன்முதலாகப் பெருவாரியாக உற்பத்தி செய்து விற்றவர்கள் இவர்களே. இவர்களுடைய டிரக்குகளில் 1970-களில் மூன்று கியர்கள் கொண்ட டர்போ 350, டர்போ 400 என்ற பெட்டிகளும், 1982 முதல் ஓவர்டிரைவோடு நான்கு கியர்கள் கொண்ட 700-ஆர்4 என்ற பெட்டியும் பொருத்தப்பட்டன. 700-ஆர்4 பின்னர் 4எல்60 என்று பெயர் மாறி, 1993-இல் கம்ப்யூட்டரின் ஆணைக்கு உட்பட்டு 4எல்60-இ ஆயிற்று. இன்றைக்கும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப்புகளில் இந்தக் குடும்பத்துப் பெட்டிகளை ஏராளமாகக் காணலாம். நாம் விசேஷமாகக் கவனிக்கப் போவது 700-ஆர்4 பெட்டியை. அதன் சுபாவத்தை அறிந்தவருக்கு மற்றவற்றின் சுபாவம் எளிதில் விளங்கும்.

கியர் எப்படித் தானே மாறுகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பழுது பார்க்கப் புகுவது, நிறைய உதிரிப் பாகங்களை வாங்கி வீணாக்குவதற்கு வழி. பழைய பெட்டிக்குள் மூளை என்று எதுவும் கிடையாது. இரண்டு எண்ணெய் அழுத்தங்களுக்கு இடையே நடக்கும் போட்டிதான் உண்டு. வண்டியின் வேகம் கூடக்கூட, பின்புறத்து ஷாஃப்ட்டோடு சுழலும் கவர்னர் என்னும் சிறு உறுப்பு ஓர் அழுத்தத்தை வளர்த்துக்கொண்டே போய், மாற்று வால்வை அடுத்த கியரின் பக்கமாகத் தள்ளுகிறது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, அந்த மிதியின் அளவைச் சொல்லும் இன்னோர் அழுத்தம் எதிர்ப் பக்கத்தில் நின்று, ‘பாரம் அதிகம், இன்னும் மாறாதே’ என்று அதே வால்வைத் தடுக்கிறது. வேகத்தின் அழுத்தம் மிதியின் அழுத்தத்தை வெல்லும் கணத்தில் கியர் மாறுகிறது. மிதியின் அழுத்தத்துக்கு இன்னொரு கடமையும் உண்டு: எஞ்சின் அதிகமாகச் சக்தி கொடுக்கும்போது கிளட்ச்சுகள் வழுக்காமல் இறுகப் பிடிக்கும்படி மூல அழுத்தத்தையும் அதுவே உயர்த்தித் தருகிறது.

இந்த ஒரு தத்துவத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி நோய்களைக் காகிதத்திலேயே நிர்ணயம் செய்துவிடலாம். கியர் மிகத் தாமதமாக, உதறலோடு மாறுகிறதென்றால், மிதியின் அழுத்தம் வேண்டியதற்கு மேல் இருக்கிறது, அல்லது வேகத்தின் அழுத்தம் குறைந்திருக்கிறது. சீக்கிரமாக, மெத்தென்று, வழுக்கிக்கொண்டு மாறுகிறதென்றால், மிதியின் அழுத்தம் போதவில்லை. எவ்வளவு வேகம் போனாலும் முதல் கியரை விட்டு நகரவே மறுக்கிறதென்றால், கவர்னரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டியை இனங்காணுதல்

உங்கள் டிரக்கில் இருப்பது எந்தப் பெட்டி என்பதை, அதை விற்றவரின் வாய்மொழியை நம்பாமல் நீங்களே அடியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்பது ஆண்டு ஓடிய வண்டியில் பெட்டி மாற்றப்பட்டிருப்பது சகஜம். எண்ணெய் தங்கும் அடித்தட்டின் போல்ட்டுகளை எண்ணினால் போதும். 700-ஆர்4 பெட்டிக்குப் பதினாறு போல்ட்டுகள், தட்டு ஏறக்குறைய நீள்சதுரம். டர்போ 350-க்குப் பதின்மூன்று போல்ட்டுகள், ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்ட சதுரம். டர்போ 400-க்கும் பதின்மூன்றுதான்; ஆனால் அதன் தட்டு ஒழுங்கற்ற வடிவமாயிருக்கும்.

வெறும் ஜாக்கின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அதன் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் பாரத்தை இறக்கி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே கீழே படுக்கலாம். ஓடி நின்ற பெட்டியின் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண்ணெய்

எண்ணெயைப் பார்ப்பதில் செய்யப்படும் பிழை சாதாரணமானது, விளைவோ பெரிது. ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவர் பார்க்கில் இருக்க, வண்டி சமதளத்தில் நிற்க, எண்ணெய் நன்றாகச் சூடேறிய நிலையில் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால், எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே நின்று சக்தியைக் கடத்தும் கன்வர்ட்டரிலுள்ள எண்ணெய் கீழே வடிந்து அளவை உயர்த்திக் காட்டும். பழைய கிரைஸ்லர் டிரக்குகளில் பார்க்கில் வைத்தால் பம்ப்பின் எண்ணெய் எல்லா வழிகளுக்கும் போய்ச் சேராது. ஆகையால் அவற்றை நியூட்ரலில் வைத்தே பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் அளவுகோலில் ‘சேர்’ என்ற கோட்டுக்கும் ‘நிறைவு’ என்ற கோட்டுக்கும் இடையிலுள்ளது ஒரு பைண்ட், அதாவது சுமார் அரை லிட்டர் மாத்திரமே. கோட்டுக்குக் கீழே இருக்கிறதென்று ஒரு குவார்ட் புட்டி முழுவதையும் கவிழ்த்துவிடுகிறவர்கள் ஒரு நோயைப் போக்கி இன்னொன்றை வரவழைக்கிறார்கள். அளவு மிஞ்சினால் சுழலும் கியர்கள் எண்ணெயில் முழுகி, மத்து மோரைக் கடைவதுபோல் அதை நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருக்கிறது, காற்று அமுங்கும், அமுங்குகிற ஒன்றைக் கொண்டு கிளட்ச்சை இறுக்க முடியாது. எனவே எண்ணெய் குறைந்தாலும் கூடினாலும் லக்ஷணம் ஒன்றேதான்: வழுக்கல்.

அளவைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு, வயதைக் காட்டுகிறது. கறுத்து, கருகிய வாடை அடித்து, துணியில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தங்கினால் கிளட்ச் தட்டுகளின் மேற்பூச்சு எரிந்து உதிர்ந்திருக்கிறது. அந்த நிலையில் எண்ணெயை மாற்றுவது தோல்வியை ஒத்திப்போடவும் உதவாது. பால் கலந்தாற்போன்ற ரோஜா நிறம் தென்பட்டால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பெட்டியின் எண்ணெய் ரேடியேட்டரின் உள்ளே ஒரு சிறு குழாய் வழியாகச் சென்று குளிர்ந்து வருகிறது. அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் குளிர்நீர் எண்ணெயில் கலக்கும். நீர் பட்ட கிளட்ச் தட்டுகளில் மேற்பூச்சைப் பிடித்து வைக்கும் பசை விட்டுவிடும். ரேடியேட்டரை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினவர் இரண்டாவது பெட்டியையும் இழப்பார்.

எந்த எண்ணெய் என்பதிலும் கவனம் வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு உரியது டெக்ஸ்ரான் வகை. அது 1967-இல் தோன்றியது. 1970-களின் தொடக்கம் வரையில் தானியங்கிக் கியர் எண்ணெய்களில் கிளட்ச் பிடிப்பை இதமாக்குவதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. அந்தப் பிராணிக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்த பிறகு ரசாயன சாஸ்திரிகள் அதற்கு மாற்றுக் கண்டுபிடிக்க நேர்ந்தது. ஒரு பெருங்கடற் பிராணியின் கொழுப்பு மிச்சிகன் மாநிலத்து டிரக்கில் கியர் மாற்றத்தை மென்மையாக்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது வியப்பும் வருத்தமும் சேர்ந்தே உண்டாகின்றன. இப்போது கிடைக்கும் டெக்ஸ்ரான் 6, 2005-இல் வந்தது; பழைய டெக்ஸ்ரான் கேட்கும் பெட்டிகளில் அதைத் தாராளமாக உபயோகிக்கலாம். ஆனால் பழைய ஃபோர்டு வண்டிகளுக்கென்று ஏற்பட்ட எஃப் வகை எண்ணெயை இவற்றில் ஊற்றக் கூடாது. அதில் பிடிப்பை மென்மையாக்கும் சேர்க்கை இல்லாததால் கியர் வெடுக்கென்று விழும்.

வெளியிலுள்ள இணைப்புகள்

700-ஆர்4 பெட்டியின் உயிர்நாடி ஒரு மெல்லிய கேபிள். தொழிலாளர்கள் அதை டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள் என்பார்கள். கார்புரேட்டரின் அல்லது த்ராட்டில் பாடியின் நெம்புகோலிலிருந்து புறப்பட்டு, பெட்டியின் வலப் பக்கமாக உள்ளே நுழைந்து, மேலே நாம் சொன்ன மிதியின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது இதுதான். மற்றச் சில பெட்டிகளில் இதைப்போலத் தோன்றும் கேபிள் கியரைக் கீழிறக்கும் காரியத்தை மட்டும் செய்வதால், இதையும் அப்படியே எண்ணித் தளர்வாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது பெருந்தவறு. கேபிள் சற்றே தளர்ந்திருந்தாலும் மூல அழுத்தம் குறைந்து, பாரம் ஏற்றிய டிரக்கு மேட்டில் ஏறும்போது மூன்றாம், நான்காம் கியர்களுக்குப் பொதுவான கிளட்ச் தொகுதி வழுக்கி, சொற்ப தூரத்திலேயே எரிந்துபோகும். அந்தத் தொகுதி இந்தப் பெட்டியின் பிறவிப் பலவீனம். ஆகவே கேபிளைச் சரிபார்க்காமல் பழைய 700-ஆர்4 வண்டியை நெடும்பாதையில் ஓட்டுவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரிபார்க்கும் விதம் இது. எஞ்சினை நிறுத்திவிடுங்கள். கேபிள் கார்புரேட்டர் பக்கத்து பிராக்கெட்டில் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு நகரும் துண்டும், அதைப் பிடித்து நிறுத்தும் ஓர் அழுத்துப் பொத்தானும் தென்படும். பொத்தானை விரலால் நன்றாக அமுக்கிக்கொண்டு, நகரும் துண்டை நெம்புகோலுக்கு எதிர்த் திசையில், அது முட்டி நிற்கும் வரையில், பின்னுக்குத் தள்ளுங்கள். பொத்தானை விட்டுவிடுங்கள். இப்போது நெம்புகோலைக் கையால் முழுத் திறப்பு வரை, உறுதியாக முட்டும்படி திருப்புங்கள். நகரும் துண்டு கடகடவென்று பல் பல்லாக முன்னேறித் தனக்குரிய இடத்தில் நின்றுவிடும். அளவு அமைந்துவிட்டது. பிறகு ஒருவரை உள்ளே உட்கார்த்தி ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொல்லி, நெம்புகோல் அதே முழுத் திறப்புக்கு வருகிறதா என்று பாருங்கள். தடித்த மிதியடி ஒன்று பெடலுக்குக் கீழே கிடந்து முழு மிதியைத் தடுப்பது உண்டு. காலை எடுத்ததும் கேபிளின் உட்கம்பி தயங்காமல் திரும்ப வேண்டும். தயங்கினால் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது, கேபிளை மாற்றுவதுதான் முறை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த டிரக்குகளில் கம்பெனியார் வைத்த குவாட்ராஜெட் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வேறொரு கார்புரேட்டரை வைத்துக்கொள்வது பரவலான வழக்கம். புதியதன் நெம்புகோலில் கேபிளை மாட்டும் துளை சுழல்மையத்திலிருந்து வேறு தூரத்தில் இருந்தால், முழுத் திறப்பில் கேபிள் சரியாக இழுபட்டாலும் இடைப்பட்ட மிதிகளில் போதிய அளவு இழுபடாது. ஓட்டுகிறவருக்கு வண்டி மென்மையாக ஓடுவதுபோலவே தோன்றும். உள்ளே கிளட்ச்சோ கருகிக்கொண்டிருக்கும். இதற்கென்றே விற்கப்படும் திருத்திய நெம்புகோலையும் பிராக்கெட்டையும் கார்புரேட்டரோடு சேர்த்தே வாங்க வேண்டும். வாங்கிய பழைய டிரக்கில் கார்புரேட்டர் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டால் முதல் வேலையாக இதைக் கவனியுங்கள். ஃபோர்டு கம்பெனியாரின் ஏ.ஓ.டி. என்னும் நான்கு கியர்ப் பெட்டிக்கும் இதே விதிதான். அங்கே கேபிளின் முனையிலுள்ள சிறிய பிளாஸ்டிக் புஷ் உதிர்ந்து கேபிள் கழன்று விழுவதால் முழுப் பெட்டியும் பாழாவதுண்டு. ஒரு புஷ்ஷின் விலை மிகச் சொற்பம்.

டர்போ 350, 400 பெட்டிகளில் மிதியின் செய்தியைக் கொண்டுவருவது கேபிளன்று. எஞ்சினின் உறிஞ்சு சக்தி. வலப் பக்கத்தில் ஒற்றை போல்ட்டால் பிடிக்கப்பட்ட ஒரு சிறு தகரக் குப்பி இருக்கும். அதற்கு மாடுலேட்டர் என்று பெயர். அதன் ரப்பர்க் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ பெட்டி, எப்போதும் முழு மிதி மிதிக்கப்படுவதாக எண்ணிக்கொண்டு, கியரை வெகு தாமதமாக, உதறலோடு மாற்றும். குழாயைக் கழற்றி அதன் முனையில் சிவப்பு எண்ணெய் தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால் உள்ளிருக்கும் தோல் கிழிந்திருக்கிறது. அதன் வழியே எஞ்சின் பெட்டியின் எண்ணெயைக் குடித்து வெண்புகையாக வெளியே விடும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது குழாயின் மாடுலேட்டர் முனையில் வாக்குவம் மானியை வைத்தால் 16 முதல் 20 அங்குலம் வரை காட்ட வேண்டும். டென்வர் நகரைப்போல 5,280 அடி உயரத்தில் இருக்கும் ஊர்களில் அதற்குச் சுமார் 5 அங்குலம் குறைவாகக் காட்டுவது இயற்கை. அதைப் பழுது என்று கொள்ளலாகாது.

கியர் லீவரின் இணைப்பையும் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்து ஆடினால், முள் டி என்று காட்டும். உள்ளே வால்வோ டிக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் நிற்கும். அப்படி நிற்கும்போது அழுத்தம் பாதியாகக் கசிந்து கிளட்ச்சு வழுக்கும். பெட்டியின் பக்கத்தில் இணைப்பைக் கழற்றிக் கையால் லீவரை ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக்’கென்று உட்காரவைத்துப் பார்த்து, அந்தந்த நிலைக்கு முள்ளும் பொருந்துகிறதா என்று தெளிந்துகொள்ளலாம்.

கியரில் போடும்போது கேட்கும் ‘டம்’ என்ற சத்தம் எல்லாம் பெட்டியினுடையதல்ல. தேய்ந்த யுனிவர்சல் ஜாயின்ட்டும், பின் ஆக்ஸிலின் தளர்ச்சியும், அறுந்த எஞ்சின் மவுன்ட்டும் அதே சத்தத்தைக் கொடுக்கும். அதேபோல் ஸ்பார்க் ப்ளக்கு ஒன்று சரியாக எரியாத எஞ்சின், மேட்டில் ஏறும்போது கியர் வழுக்குவதுபோன்ற பிரமையை உண்டாக்கும். எஞ்சின் சீராக ஓடுவதை முதலில் உறுதிசெய்யாமல் பெட்டியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்லக் கூடாது.

கவர்னர்

700-ஆர்4 பெட்டியின் இடப் பக்கம், பின்பகுதியில் ஒரு வட்ட மூடி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். டர்போ 350-இல் இம்மூடியை ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். மூடியை நிதானமாக எடுத்தால் கவர்னரை மெல்லத் திருகி வெளியே உருவலாம். பெட்டியை இறக்க வேண்டியதில்லை. கையில் எடுத்துக்கொண்டு இரண்டைப் பாருங்கள். முதலாவது, அதன் முனையிலுள்ள நைலான் பற்சக்கரம். பற்கள் மழுங்கியோ ஒரு பக்கம் செதுக்குண்டோ இருந்தால் கவர்னர் சுழலவே இல்லை. வண்டி முதல் கியரிலேயே கத்திக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம். இரண்டாவது, எடைக் கட்டைகள். அவற்றை விரலால் விரித்து விட்டால் தடையின்றி ஆட வேண்டும். உள்ளிருக்கும் வால்வும் பிசுபிசுப்பின்றி வழுகி இறங்க வேண்டும். சுத்தம் செய்து திரும்பப் போடும்போது புது மூடியும் புது ரப்பர் வளையமும் போடுவது நல்லது. பழையவற்றிலிருந்து எண்ணெய் கசியும்.

ஓட்டிப் பார்த்தல்

வெளியிலுள்ளவற்றைச் சரிசெய்த பிறகும் தொந்தரவு தீராவிட்டால், ஜனநடமாட்டமில்லாத சாலையில் நிதானமாக ஓட்டி, எந்தக் கியர் இருக்கிறது, எந்தக் கியர் இல்லை என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இலேசான மிதியில் சற்றேறக்குறைய மணிக்கு 15 மைலில் இரண்டாவதும், 25-இல் மூன்றாவதும், 40 முதல் 45-க்குள் நான்காவதும் விழுவது சாதாரணம். பின் ஆக்ஸிலின் விகிதத்துக்கு ஏற்ப இது சிறிது வேறுபடும்.

ஒவ்வொரு கியரிலும் இன்னின்ன உறுப்புகள் பிடிக்கின்றன என்பது திட்டமாகத் தெரிந்த விஷயமாதலால், இல்லாத கியர்களைச் சேர்த்துப் பார்த்தாலே குற்றவாளி அகப்பட்டுவிடும். முதலும் இரண்டாவதும் நன்றாயிருந்து, மூன்றாவதும் நான்காவதும் இல்லையென்றால், முன்பு சொன்ன கிளட்ச் தொகுதி எரிந்துவிட்டது. இரண்டாவதும் நான்காவதும் மட்டும் இல்லாமல், ரிவர்ஸ் நன்றாயிருந்தால், அவ்விரண்டு கியர்களிலும் டிரம்மைச் சுற்றி இறுக்கும் பேண்டையோ அதைத் தள்ளும் சர்வோ பிஸ்டனையோ பார்க்க வேண்டும். சர்வோவைப் பெட்டியை இறக்காமலே எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவதும் நான்காவதும் போய், கூடவே ரிவர்ஸும் போய்விட்டால், சன் ஷெல் என்னும் மணி வடிவத் தகடு பிளந்துவிட்டது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். டி நிலையில் புறப்பட மறுத்து எஞ்சின் வீணே இரைகிற வண்டி, லீவரைக் கையால் 1-இல் வைத்ததும் நன்றாக இழுத்தால், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ரோலர் அல்லது ஸ்ப்ராக் கிளட்ச்சு தேய்ந்திருக்கிறது. இந்த நான்கு தீர்ப்புகளுக்கும் எந்தக் கருவியும் வேண்டாம். வேண்டியது நிதானமும் ஒரு பென்சிலும்.

மணிக்கு 45 மைல் வாக்கில் வண்டி கிடுகிடுவென்று நடுங்கினால், இடக்காலால் பிரேக் பெடலை லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் விளக்கு எரியும் அளவுக்குத் தொட்டாலே கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்ச்சு விலகும்படி மின்இணைப்பு அமைந்திருக்கிறது. நடுக்கம் உடனே நின்றால் குறை அந்தக் கிளட்ச்சில். இதற்கு மாறாக, சிக்னலில் வந்து நிற்கும்போதெல்லாம் எஞ்சின் இறந்துபோகிறதென்றால் பூட்டு விலகாமல் சிக்கிக்கொண்டிருக்கலாம். பெட்டியின் இடப் பக்கத்து மின்செருகியைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதன்பின் எஞ்சின் இறக்கவில்லையானால் கோளாறு மின்சாரத்தில்.

மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில், காலையில் ரிவர்ஸில் போட்ட பின் சில விநாடிகள் வண்டி அசையாமல் நிற்பது அடிக்கடி கேட்கும் குறை. பல நாள் நின்ற வண்டியில் முதல் தடவை மட்டும் அப்படியானால் கன்வர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்திருக்கிறது, கவலை வேண்டாம். தினமும் குளிர்ந்த நிலையில் அப்படி நேர்ந்து, சூடேறியதும் சரியாகிவிடுகிறதென்றால், கிளட்ச் பிஸ்டன்களின் ரப்பர் விளிம்புகள் வயதினால் விறைத்துவிட்டன. அது நாளுக்கு நாள் வளரும். ஆனால் உடனே பெட்டியைத் திறக்கும்படியான அவசரம் இல்லை. சூடேறும் வரையில் அவசரப்பட்டு மிதிக்காமல் காத்திருப்பவர் இன்னும் நெடுநாள் ஓட்டலாம்.

அழுத்தமானி

இதுவரை ஊகித்ததை ருசுப்படுத்துவது அழுத்தமானி. சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு வரை காட்டும் மானியொன்றை, இடப் பக்கத்தில் லீவருக்குச் சற்று மேலே இருக்கும் சிறு அடைப்பானைக் கழற்றிவிட்டு அங்கே பொருத்துங்கள். டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது சுமார் 60 பவுண்டு காட்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர் கேபிளைக் கையால் முழுவதும் இழுத்தால் முள் அதற்கு இரண்டு மடங்கு மேல் எழ வேண்டும். அந்தந்த வருஷத்துக்கு உரிய திட்டமான எண்களை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளை இழுத்தும் முள் எழவில்லையானால் கேபிள், அல்லது அது தள்ளும் வால்வு. எல்லா நிலைகளிலும் குறைவாகவே இருந்தால் ஃபில்டர், பம்ப், அழுத்த வால்வு இம்மூன்றில் ஒன்று. ஒரு நிலையில் மட்டும் வீழ்ந்தால் அந்த நிலைக்குரிய சீல் கசிகிறது. எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு முனகல் சத்தமும் கேட்டால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

அடித்தட்டைக் கழற்றும்போது, அதன் உட்பக்கத்தில் மெல்லிய சாம்பல் நிறச் சேறு படிந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சாதாரணத் தேய்மானம். கறுப்புத் துணுக்குகளும், மினுமினுக்கும் உலோகச் சிதறல்களும் வேறு சேதி சொல்லும். ஃபில்டரின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய ஃபில்டர் வெளியே வரும்போது அது பெரும்பாலும் மேலே துளைக்குள்ளேயே தங்கிவிடும். அதைக் கவனியாமல் புது வளையத்தோடு புது ஃபில்டரை ஏற்றினால் இரண்டும் சரியாகப் பொருந்தாமல் காற்று உள்ளே வரும். நன்றாயிருந்த பெட்டி ஃபில்டர் மாற்றிய மறுநாள் வழுக்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். திரும்ப நிரப்ப ஏறத்தாழ 5 குவார்ட் பிடிக்கும். முதலில் நான்கை ஊற்றி, எஞ்சினை ஓட்டி, அளவு பார்த்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். நெடுங்காலம் கவனிக்கப்படாத பெட்டியை யந்திரத்தால் அழுத்தங்கொடுத்துக் கழுவிக்கொள்ளச் சொல்லும் யோசனையை நான் ஏற்பதில்லை. அடித்தட்டும் ஃபில்டரும் மாற்றுவது போதும்.

எலெக்ட்ரானிக் பெட்டி

1993 முதல் வந்த 4எல்60-இ பெட்டியில் கவர்னரும் கேபிளும் கிடையா. சாலினாய்டுகள் என்னும் இரண்டு மின்காந்த வால்வுகள் கம்ப்யூட்டரின் கட்டளைப்படி கியரை மாற்றுகின்றன. முதல் கியரில் இரண்டும் இயங்கும், மூன்றாவதில் இரண்டும் ஓய்ந்திருக்கும். எனவே மின்சாரம் முற்றிலும் அறுந்துபோனால் வண்டி முன்னோக்கி மூன்றாவது கியரில் மட்டுமே ஓடும், ரிவர்ஸும் இருக்கும். கனத்துப்போய் மூன்றாவதில் புறப்படும் இத்தகைய டிரக்கைக் கண்டு கிளட்ச் போய்விட்டது என்று சொல்வோரை நம்புமுன், ஃப்யூஸைப் பாருங்கள். பெட்டிக்குள் நுழையும் செருகியில் எண்ணெயோ பச்சைக் களிம்போ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1996 முதலான வண்டிகளில் சாதாரண ஸ்கேனரே பிழைக் குறியீடுகளைப் படித்துவிடும். அவற்றுள் பி1870 என்பது அடிக்கடி வருவது. வால்வு பாடியில் பூட்டுக் கிளட்ச்சின் வால்வு ஓடும் துளை தேய்ந்திருப்பதே அதன் வழக்கமான காரணம். வால்வு பாடியைப் பெட்டியை இறக்காமலே சரிசெய்யலாம்.

பெட்டியைத் திறக்க நேர்ந்தால்

எண்ணெய் கருகி, கியர்கள் மறைந்து, அழுத்தமும் வீழ்ந்த பிறகு திறப்பதைத் தவிர வழியில்லை. அப்போது பட்டறைக்காரரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தக் கியர் எந்த வேகத்தில் எப்படி நடந்துகொண்டது, மானி என்ன காட்டியது, கேபிளை நீங்கள் எப்படி அமைத்தீர்கள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்; நல்ல தொழிலாளி அந்தக் காகிதத்தை மதிப்பார், மற்றவரும் உங்களிடம் அஜாக்கிரதையாகப் பேசமாட்டார். கழற்றிய பழைய பாகங்களைப் பார்க்கக் கேளுங்கள். கன்வர்ட்டரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதன் வயிற்றில் கிளட்ச்சின் கரித்தூள் நிறைந்திருக்கும், அதைக் கழுவி முற்றிலும் வெளியே எடுப்பது கடினம். ரேடியேட்டருக்குப் போய் வரும் குழாய்களைக் கழுவி, பாரம் இழுக்கும் வண்டியானால் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானையும் வைக்கச் சொல்லுங்கள். கனமான டிரெய்லரை இழுக்கும்போது ஓவர்டிரைவை விட்டு மூன்றாவதிலேயே ஓட்டுங்கள். வண்டி உங்கள் கைக்குத் திரும்பி வந்த அன்றே, வீட்டுக்கு ஓட்டிப் போவதற்கு முன்பாக, பானெட்டைத் திறந்து, அந்த டி.வி. கேபிளை மேலே சொன்ன முறைப்படி உங்கள் கையாலேயே ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.